கேஸ் ஷீட்டில் ஒரு வரி



2025 பிப்ரவரியில் சென்னையில் உள்ள ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் தலைமை அலுவலகத்துக்குப் பார்சல் வந்தது. உள்ளே துப்பாக்கித் தோட்டா. கூடவே கம்பெனியின் தலைமை நிர்வாகிக்கும் நிதித் தலைமை அதிகாரிக்கும் கொலை மிரட்டல். அதே கம்பெனியின் கம்ப்யூட்டர் தகவல்களை முந்தைய வருடம் வெளியே விட்ட ஒரு ஹேக்கர், ‘அனுப்பியது நான்தான்’ என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். கிளைம் மறுக்கப்பட்ட சிலர் அவரிடம் உதவி கேட்டார்களாம். மே மாதம் செய்தி வெளியானது.

அதற்கு முன்பு, 2024 டிசம்பர் 4 அன்று, நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் வாசலில் பிரையன் தாம்சன் என்பவரைச் சுட்டுக் கொன்றார்கள். யுனைடெட் ஹெல்த்கேர் என்ற பெரிய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் தலைவர். 2023இல் அவருக்குக் கிடைத்த ஊதியம் சுமார் 1 கோடி டாலர். இரண்டு பிள்ளைகளின் அப்பா. அந்தச் சாவுக்கு இணையத்தில் கைதட்டியவர்கள் ஏராளம்.

நம் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். “சுட்டது தப்புதான்...” என்று ஒருவர் இழுத்தார். வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள்.

அவர்களுக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரின் தனியார் ஆஸ்பத்திரிகளில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து காலம் தள்ளியவள் நான். பணம் கட்டுகிற கவுன்டருக்குப் பக்கத்து ஜன்னல். டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் ஜனங்கள் கத்துவார்கள். கம்பெனித் தலைவர் கண்ணில் படமாட்டார், நான்தானே படுவேன்!

இங்கே யார் தனியார் பாலிசி எடுக்கிறார்கள்? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. லேத் ஓட்டுகிறவர், ஷிஃப்ட் சூப்பர்வைசர், 22,000 ரூபாய் வாங்குகிறவர் என்ன செய்வார்? ஆயிரம் ரூபாய் இன்க்ரிமென்ட் வந்தால் இஎஸ்ஐ கையைவிட்டுப் போகிறது. முதலமைச்சர் திட்டத்துக்கோ அவர் ‘வசதியானவர்’. பெரிய தொழிற்சாலை என்றால் கம்பெனியே குரூப் பாலிசி போடும். சின்ன யூனிட்டில் அதுவும் இல்லை. அதனால் ஏஜென்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, போனஸ் பணத்தில் பிரீமியம் கட்டுகிறார். (கட்டுகிறவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ரசீதை எடுத்துப் பாருங்கள்.)

அந்தப் பிரீமியப் பணம் எங்கே போகிறது? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023-24 ஆண்டறிக்கை சொல்கிறது: மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள், வாங்கிய 100 ரூபாய் பிரீமியத்தில் கிளைமுக்குக் கொடுத்தது சுமார் 65 ரூபாய். அரசுக் கம்பெனிகள் 103 ரூபாய் கொடுத்தன, அதாவது கைக்காசு போட்டு. மிச்சம் 35ம் லாபம் என்று சொன்னால் அது பொய். ஏஜென்ட் கமிஷன், விளம்பரம், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். ஆனாலும் அந்த வருடம் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து ஒத்துக்கொள்ளாத கிளைம் தொகை 15,000 கோடி ரூபாய்க்கு மேல். ஸ்டார் ஹெல்த் மீது மட்டும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற ஓம்புட்ஸ்மேனிடம் போன புகார் 13,000க்கு மேல். வாடிக்கையாளர் அதிகம் உள்ள கம்பெனி, புகாரும் அதிகம் இருக்கும், சரி. அப்படிப் பார்த்தாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

சரி, தோட்டா அனுப்பியதாகச் சொல்கிறாரே, அந்த ஹேக்கர் ஏழைக்காகப் பரிந்து பேசுகிறவரா? 3 கோடிப் பேருக்கு மேல் தகவல் தன்னிடம் இருப்பதாகப் பெருமை அடித்தவர் அவர். டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும்படி வைத்தார். அதில் ஜனங்களின் மெடிக்கல் ரிப்போர்ட்டும் இருந்தது. கிளைம் மறுக்கப்பட்டவரின் நோயைச் சந்தையில் பரப்பிவிட்டு அவருக்கு நியாயம் வாங்கித் தருகிறாராம்! தோட்டா வந்ததால் ஒரு கிளைமாவது பாஸ் ஆனதா? கம்பெனி வாசலில் செக்யூரிட்டிக்காரர் எண்ணிக்கை கூடியிருக்கும், அவ்வளவுதான். அந்தச் செலவும் நம் பிரீமியத்திலிருந்துதான்.

என்னைக் கேட்டால், மறுப்பில் வருகிற லாபம் மறுப்பதால் மட்டும் வருவதில்லை. மறுத்த பிறகு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம் பாருங்கள், அங்கேதான் அது லாபமாக மாறுகிறது.

எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் ஷீட். சிரிக்காதீர்கள். அட்மிஷன் போட்டதும் டியூட்டி டாக்டர் வந்து, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டு நாலு வரி எழுதுவார். இரவு இரண்டு மணிக்கு, நோயாளி வலியில் முனகும்போது, பக்கத்தில் நிற்கிற மாமியாரோ மச்சானோ சொல்கிற பதில்தான் அதில் ஏறும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் முதலில் படிப்பது ஆபரேஷன் குறிப்பை அல்ல, இந்த நாலு வரியைத்தான்.

பாகலூர் பக்கத்துத் தம்பி ஒருவர். டர்னர் வேலை. மனைவிக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் நேரத்தில் போனை நீட்டினார். “அக்கா, ரிஜெக்ட்னு மெசேஜ் வந்திருக்கு.” காரணம், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயாம். பாலிசி எடுத்து இரண்டரை வருடம்தான் ஆகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வயிற்று வலி மூன்று வருடமாக’ என்று டைப் அடித்திருந்தது. அந்தப் பெண்ணோ தலையில் அடித்துக்கொள்கிறாள். “பொங்கலுக்கு அப்புறம்தான்க்கா வலியே வந்துச்சு!”

கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்தில் ‘3/12’ என்று இருந்தது. டாக்டர்கள் பழக்கத்தில் 3/7 என்றால் மூன்று நாள், 3/12 என்றால் மூன்று மாதம். டைப் அடித்தவருக்கு அது தெரியவில்லை. மூன்று வருடம் ஆக்கிவிட்டார். அறுபதாயிரம் ரூபாய் அந்த ஒரு வரியில் போனது.

தம்பி கடன் வாங்கிப் பணம் கட்டித்தான் மனைவியைக் கூட்டிப்போனார். பிறகு சர்ஜனிடம் ஒரு திருத்தக் கடிதம் வாங்கினோம். கேஸ் ஷீட் நகலையும் சேர்த்து, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயிலும் ரிஜிஸ்டர் தபாலும் போட்டோம். சில வாரம் கழித்துப் பணம் வந்தது. கையுறை, பஞ்சு, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் என்று வழக்கமான கழிவு போக. தம்பி ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். டைப் அடித்தவருக்கும் அதில் பங்கு போனது, அது வேறு கதை.

ஆகவே அட்மிஷன் நேரத்தில் நிதானமாகப் பேசுகிற ஒருவர் நோயாளி பக்கத்தில் நிற்கட்டும். மறைக்கச் சொல்லவில்லை. தெரியாததை உளறவேண்டாம் என்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. ‘தரமாட்டோம்’ என்றால் எழுத்தில் கேளுங்கள், வந்துவிடும்.

விதிகள் கொஞ்சம் நம் பக்கமும் திரும்பியிருக்கின்றன. 2024இல் ஆணையம் போட்ட உத்தரவுப்படி, நாம் பணம் கட்டாமல் கம்பெனியே நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். மறுப்பதென்றால் கம்பெனியின் குழு ஒன்று பார்த்து ஒப்புதல் தரவேண்டும், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுத்தோம் என்று காரணமும் எழுதவேண்டும். ஐந்து வருடம் விடாமல் கட்டியிருந்தால், ‘நீ சொல்லவில்லை’ என்ற காரணம் செல்லாது. மோசடி என்று அவர்கள் நிரூபித்தால் மட்டுமே அந்தக் காரணத்தைக் காட்டி மறுக்கலாம்.

கர்நாடக எல்லையில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவிலோ பெங்களூரிலோ படுத்தால் புகார் எங்கே? ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருந்தால் என்ன, உங்கள் வீட்டு விலாசத்தை வைத்துச் சென்னை ஓம்புட்ஸ்மேனிடமே போகலாம். முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஓம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீலுக்கு அங்கே இடமும் இல்லை. 50 லட்சம் வரை தீர்ப்பு சொல்லலாம், கம்பெனி அதற்குக் கட்டுப்படவேண்டும். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கவே இருக்கிறது.

ரூம் வாடகைக் கழிவு பற்றிப் பேச ஆசை, ஆனால் நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். கம்பெனி பதிலே சொல்லாவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255க்குப் போன் போடுங்கள், கட்டணம் இல்லை. ஓம்புட்ஸ்மேனிடம் போக, கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. பீரோவில் மடித்து வைத்திருக்கிறீர்களே அந்த ரிஜெக்ட் லெட்டர், அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்காது என்று நம்புகிறேன்.