தொழிலாளியின் வகுப்பறை
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர், "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு போய்விடுவது வழக்கம். நானும் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து அத்தகைய உரைகளைக் கேட்டவன்தான். கேட்கும்போது என் கண் முழுவதும் மேசைமேல் அடுக்கியிருந்த பரிசுப் புத்தகங்களின்மீதே இருக்கும். ஆகவே இன்று பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட அவர்களுடைய அப்பா அம்மாவுக்குத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். ஏனென்றால் அவர்களும் இப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் பழைய ஆட்களுக்கும் வேலை நுணுக்கம், பாதுகாப்பு, தரம் ஆகியவற்றைச் சொல்லித்தரும் பிரிவு அது. நான் சேர்ந்த காலத்தில் ஓர் அறை, நாற்பது நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, மூலையில் ஒரு தேநீர்க் குவளை, இவ்வளவுதான் எங்கள் கல்லூரி. இன்று அந்த அறையில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பயிற்சி முழுவதும் கணினிக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டது.

தொழில் கற்பது நமக்குப் புதிதன்று. கோலா கங்சாரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டு விதையிலிருந்து வளர்த்த 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் நம் ஊருக்கு வந்து, அன்றைய ரெசிடெண்டு ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. ஆனால் மரம் வந்த உடனே தொழில் வந்துவிடவில்லை. மரத்தைச் சாகடிக்காமல் பாலை எடுப்பது எப்படி என்பது பெரிய புதிராக இருந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி என்பவர் 1890களில் பலவாறு வெட்டிப் பார்த்து, பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லச் சீவிக்கொண்டு போகும் முறையை நிலைநாட்டினார். அதன் பிறகுதான் காடு அழிந்து தோட்டம் ஆயிற்று. நம் பாட்டன்மார் கப்பல் ஏறினார்கள்.

என் தாயார் பால்மரம் சீவியவர். விடுமுறை நாளில் நானும் கூடப் போவேன். ஒரு நாள் உளியை என் கையில் கொடுத்து, என் கைமேல் தம் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். பட்டைக்கு உள்ளே உயிர்த்தோல் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே உளி நின்றுவிட வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் சரியாக வராது. ஆழம் மிஞ்சினால் மரம் புண்ணாகி, ஆறும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... போதும்டா, போதும்!" என்று அம்மா சொன்ன அந்தப் 'போதும்' இன்றும் என் காதில் இருக்கிறது. முப்பது பாகைச் சரிவு, பட்டையின் கனம் எல்லாவற்றையும் பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். கைக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தக் கைதான்.

இனி இன்றைய முறையைச் சொல்கிறேன். கம்பெனி ஒரு பாடத்தைப் படமாக எடுத்து இணையத்தில் ஏற்றிவைக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண், ஒரு கடவுச்சொல். படம் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஓடும். முடிந்ததும் கேள்விகள் வரும். சரியான விடையைத் தொட வேண்டும். தேறினால் அப்போதே சான்றிதழ். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் படித்தார், எத்தனை புள்ளி வாங்கினார் என்பதெல்லாம் கணக்கில் ஏறிவிடும்.

கம்பெனிகளுக்கு இதில் ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு வகுப்பு நடத்துவதானால் ஆசிரியருக்குச் சம்பளம், அறை, சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் இயந்திரம். இணையப் பாடத்தை ஒரு முறை செய்தால் போதும். எனினும் பல கம்பெனிகள் தயங்கிக்கொண்டுதான் இருந்தன. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, தயக்கமெல்லாம் பறந்துவிட்டது. அந்த ஆண்டில் சபாவில் ஒரு மாணவி தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து பரீட்சை எழுதியதை நாடே பார்த்தது. தொழிலாளிகளும் அப்படித்தான் தவித்தார்கள். அவர்களைப் படம் எடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1993இல் மனிதவள மேம்பாட்டு நிதி என்ற ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அதை எச்.ஆர்.டி. கோர்ப் என்கிறார்கள். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கு உட்பட்ட தொழில்களில் பத்து பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களுடைய மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கே கட்ட வேண்டும். 2021 மார்ச் முதல் இன்னும் பல தொழில்களுக்கு இது விரிவாக்கப்பட்டது. 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்காக மாதம் 17 வெள்ளி, ஆண்டுக்கு 204 வெள்ளி. இதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. முதலாளிதான் கட்ட வேண்டும். கட்டிய பணத்தை எடுத்துத் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்கலாம், வகுப்பறையிலும் கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். அதாவது உங்கள் பெயரில் ஒரு சிறு பள்ளிக்கட்டணம் மாதாமாதம் கட்டப்படுகிறது. இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்க வேண்டாம். எனக்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது, நான் வெட்கப்படும் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் இடத்தில் இரசாயனப் பாதுகாப்புப் பாடம் ஒன்றை இணையத்தில் ஏற்றினோம். ஆங்கிலத்தில் நல்ல படம், வெளியூரிலிருந்து வாங்கியது. இரண்டே வாரத்தில் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். பாதிப் பேர் நூற்றுக்கு நூறு. நான்தான் அறிக்கை எழுதி மேலே அனுப்பினேன், பாராட்டும் கிடைத்தது.

மூன்று மாதம் கழிந்து, இரவு வேலையில் ஒரு பையனுக்குக் கண்ணில் மருந்து தெறித்துவிட்டது. கண் கழுவும் குழாய் பத்தடி தூரத்தில் இருக்கிறது. உடனே போய்ப் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவ வேண்டும். பாடத்தில் அதுதான் முதல் கேள்வி. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், நம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், பதறிப்போய்த் தம் துண்டை எடுத்து அவன் கண்ணைத் துடைத்திருக்கிறார். கடவுள் புண்ணியம், மேற்பார்வையாளர் ஓடி வந்து குழாயைத் திறந்தார். பையனுக்குப் பார்வை தப்பியது.

மறுநாள் கணக்கைத் திறந்து பார்த்தேன். அக்காவுக்கு நூற்றுக்கு நூறு. எழுதிய நேரம் இரவு ஒன்பதே கால். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், அதே நாள் அதே ஒன்பதே காலுக்கு அக்கா இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்!

கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தம்பி, ஏழு மணிக்கு வேலைக்கு வந்தா காலையில ஏழு மணிக்குத்தான் உடுவீங்க. வூட்டுக்குப் போயி சமைச்சு, துவைச்சு, கண்ணை மூடறதுக்கே நேரமில்ல. அந்த இங்கிலீசும் எனக்குப் புரியல. பாசாகலன்னா அலவன்ஸ் இல்லன்னு சொன்னாங்க. சின்னவன் படிவம் இரண்டு படிக்கிறான், அவன்தான் 'குடும்மா நான் எழுதறேன்'னு அழுத்துனான். தப்புத்தான். ஆனா நீங்களும் ஒரு வார்த்தை வந்து கேக்கலியே, புரிஞ்சிச்சான்னு?"

நான் என்ன பதில் சொல்வது? கணக்கில் நூறு என்று இருந்தது. நான் கணக்கைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பிறகு மற்றவர்களின் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்து நிமிடப் படத்தை ஒரே நிமிடத்தில் ஓட்டி முடித்தவர்கள் ஏராளம். எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் அப்பா அம்மாவுக்காகப் பரீட்சை எழுதினார்களோ! இங்கேயும் ஒன்றிரண்டு முகம் கீழே குனிகிறது. பயப்பட வேண்டாம், பரிசு உண்டு.

அன்று எனக்குத் தோட்டப் பள்ளிகளின் கதை நினைவுக்கு வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. தோட்டங்களும் வைத்தன. ஆனால் பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு பலகை. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் வாத்தியார். சட்டம் பள்ளியைக் கேட்டது, துரை பள்ளியைக் காட்டினார். அதற்குள்ளே படிப்பு வந்தது பின்னால்தான். ஊருக்கு ஊர் பெற்றோர்கள் கேட்டுக் கேட்டு, நல்ல ஆசிரியர்கள் வந்து உயிரைக் கொடுத்து, நம் பள்ளிகளைப் பள்ளியாக்கினார்கள். இன்று கம்பெனி காட்டுகிற சான்றிதழும் கொட்டகை நிலையில்தான் பல இடங்களில் நிற்கிறது. நான் கட்டியதும் ஒரு கொட்டகைதான்.

எங்கள் இடத்தில் பிறகு சில மாற்றங்களைக் கேட்டு வாங்கினோம். எளிதில் கிடைக்கவில்லை. "வேலை நேரத்தில் அரை மணி கொடு" என்று கேட்டபோது, உற்பத்திப் பிரிவுத் தலைவர் ஏதோ நான் அவர் வீட்டுக் கூரையைப் பிரிக்கக் கேட்டதுபோல் பார்த்தார். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், தகவலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று சொல்வதை எடுத்துக் காட்டினேன். கடமை என்றால் அது தொழிலாளியின் தூக்கத்திலிருந்து எடுப்பதாகாது என்று வாதாடினேன். கடைசியில் வாரத்துக்கு அரை மணி, ஓய்வறையில் இரண்டு தட்டுக் கணினி கிடைத்தன. பாடத்தை மலாயிலும் தமிழிலும் பேசிப் பதிவு செய்தோம். தமிழ்க் குரல் என்னுடையது; கேட்கச் சகிக்காது, ஆனால் புரியும். படம் பார்த்து முடித்தவரை மேற்பார்வையாளர் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறக்கச் சொல்வார். திறந்து காட்டினால்தான் தேர்ச்சி.

தமிழில் தொழில்நுட்பம் சொல்லித்தர முடியுமா என்று இங்கேயே சிலர் கேட்பார்கள். சென்னையில் 2014இல் தொடங்கிய குவி என்ற நிறுவனம் கணினி மொழிகளையே தமிழில் இணையவழி கற்றுக்கொடுத்தது. 2022இல் எச்.சி.எல். என்ற பெரிய கம்பெனி அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. வியாபாரிகளுக்குத் தெரிந்துவிட்டது, நாம்தான் இன்னும் சந்தேகப்படுகிறோம்.

இணையப் பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை புரியாததைப் பத்துத் தடவை போட்டுப் பார்க்கலாம். எந்த வாத்தியாரும் அவ்வளவு பொறுமையாக இருக்கமாட்டார், நான் உட்பட. எச்.ஆர்.டி. கோர்ப் தொடங்கிய இ-லாத்தி தளத்தில் மலேசியர்கள் காசில்லாமலே பாடம் படிக்க வழி செய்தார்கள். தோட்டத்தில் செம்பனை வந்த பிறகு வேலை குறைந்து பட்டணத்துக்குப் போன நம் பிள்ளைகளில், இரவு வேலை முடிந்து இப்படிப் படித்தே இயந்திரம் பழுது பார்ப்பவராக உயர்ந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார்.

ஆகவே தாய்மார்களே, அண்ணன்மார்களே, நாளைக்குக் கம்பெனியில் "கைப்பேசியில் பாடம் இருக்கிறது, முடித்துவிடு" என்று சொன்னால் வாயைத் திறந்து கேளுங்கள்: எந்த நேரத்தில்? எந்த மொழியில்? புரியாவிட்டால் யாரிடம் வருவது? மரியாதையாகத்தான் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் கூட்டத்திலும் கேளுங்கள். சம்பள உயர்வைப் பற்றிப் பேசும் நாளில் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. அம்மாவின் கைப்பேசியை வாங்கி நீங்கள் அழுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். விடையை அம்மா தொடட்டும். தப்பாகத் தொட்டால் சிரிக்காதீர்கள். நீங்கள் 'அ' எழுதிய அழகை அவர் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த அக்கா இன்னும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். சென்ற மாதம் புதிதாக வந்த இரண்டு பெண்களைக் கண் கழுவும் குழாயின் முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, "தொறந்து காட்டு... இப்படி இல்ல, தலையைக் குனி, கண்ணை நல்லா விரிச்சுப் புடி, போதும்னு நான் சொல்ற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் வந்துவிட்டேன்.

பரிசு மேசையைப் பிள்ளைகள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.