பகாசுரன் வண்டி



கைப்பேசியிலும் கணினியிலும் பிள்ளைகள் ஆடுகிற கதை விளையாட்டுகளில், ஒவ்வொரு கட்டம் முடிகிற இடத்திலும் ஒரு பெரிய எதிரி நிற்பான். அவனைச் சாய்த்தால்தான் அடுத்த ஊருக்கு வழி. நெருப்புக் கக்குகிறவன், வாள் சுழற்றுகிறவன் என்று பல தினுசு. அவர்களில் சாப்பாட்டையே பலமாகவும் பலவீனமாகவும் வைத்திருக்கிற எதிரிகளைப் பற்றி வானொலியில் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் கூத்துக்காரன். விளையாட்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று என் பேரன் காட்டினால்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். பென்னாகரத்துப் பக்கமும் பாலக்கோட்டுப் பக்கமும் பீமன் வேஷம் கட்டி, அப்படி ஓர் எதிரியோடு விடிய விடியச் சண்டை போட்டவன் நான்.

முதலில் பேரன் காட்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் ஜப்பானில் 'மதர் 2' என்று ஒரு விளையாட்டு வந்தது. அமெரிக்காவில் அதற்கு 'எர்த்பவுண்ட்' என்று பெயர். எழுதியவர் ஷிகேசாட்டோ இட்டோய். அதில் 'மாஸ்டர் பெல்ச்' என்று ஒருவன் வருகிறான். பார்க்கவே குமட்டும், வாந்தியே உருவெடுத்து வந்தவன். அவனை அடித்துப் பார்த்தால் சாமானியமாக அசையமாட்டான். பையில் ஒரு ஜாடித் தேன் இருக்கும். அதை எடுத்து நீட்டினால் போதும், சண்டையை மறந்துவிட்டுத் தின்ன உட்கார்ந்துவிடுவான். அந்த நேரத்தில் நீங்கள் அடித்துக்கொள்ளலாம். எதிரியின் நாக்கைப் பிடித்தால் எதிரியே கைக்குள் வந்துவிடுவான் என்கிற கணக்கு.

இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாததா?" என்றேன். அதற்குப் பேரன் இன்னொன்றைக் காட்டினான். 'ஸ்மைட்' என்ற அமெரிக்க விளையாட்டு, 2014-இல் வெளிவந்தது. பல நாட்டுச் சாமிகளும் அசுரர்களும் அணி பிரிந்து மோதுகிற ஆட்டம். அதில் நம் பகாசுரனே இருக்கிறான், நேயர்களே! களத்தில் ஓடிவருகிற சின்னச் சின்னப் படைவீரர்களைப் பிடித்து விழுங்குகிறான், விழுங்க விழுங்க வலுவாகிறான். கடைசியில் விழுங்கியவர்களையே கக்கித் தனக்காகச் சண்டைக்கு அனுப்புகிறான். பேரனுக்கு ஒரே ஆனந்தம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று குறைந்தது. அங்கே பகாசுரன் இருக்கிறான். அவனுக்கு அனுப்புகிற சோற்று வண்டி இல்லை. வண்டி இல்லாத பகாசுரன் எங்கள் ஊரில் செல்லுபடியாகமாட்டான்.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு வார்த்தை. அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர்கள் ஏகசக்கர நகரத்தில் பிராமண வேஷத்தில் ஒளிந்திருக்கிறார்கள். நம்முடைய வில்லிபுத்தூரார் இதை வேத்திரகீயச் சருக்கம் என்று பாடியிருக்கிறார். பிச்சை எடுத்து வந்த சோற்றைக் குந்தி இரண்டாகப் பிரிப்பாள். ஒரு பாதி பீமனுக்கு. இன்னொரு பாதி அவளுக்கும் மற்ற நாலு பிள்ளைகளுக்கும். அப்படியும் பீமனுக்கு அரை வயிறுதான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே பகன் என்கிற பகாசுரன். ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைக்கடா, வண்டி ஓட்டி வருகிற ஆள். மூன்றும் அவனுக்குத் தீனி. வீட்டுக்கு வீடு முறை. அதற்குப் பதிலாக வேறு எதிரி யாரும் ஊரை நெருங்காமல் அவன் காவல் காப்பான். ராஜா ஒருவன் இருக்கிறான், இருந்து பிரயோசனமில்லை. பாண்டவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்கு முறை வருகிறது. அப்பா 'நான் போகிறேன்' என்கிறார், அம்மா 'நான்' என்கிறாள், மகள் 'நான்' என்கிறாள். பேச்சு சரியாக வராத சின்னப் பையன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, 'இதாலேயே அரக்கனைக் கொன்னுடறேன்' என்கிறான். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்துவிடுகிறது. வியாசர் எப்பேர்ப்பட்ட கூத்துக்காரர் பாருங்கள்! அழுகைக்கு நடுவில் எங்கே சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குந்தி பீமனை அனுப்புகிறாள். தருமருக்குக் கோபம். பீமனுக்கோ வண்டிச் சோற்றின் மேல் கண்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கதை வரிசைப்படி பாஞ்சாலி கல்யாணத்துக்கு முன்னால் வருவது பகாசுரன் வதம். அன்றைக்குப் பீமன் வேஷம் கட்டினவனை மாட்டு வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கூட்டிப் போவார்கள். வீட்டுக்கு வீடு சோறு கொண்டுவந்து வண்டியில் வைப்பார்கள்.

சோறு என்றால் தருமபுரிச் சோறு, நேயர்களே. வியாசர் நெல்லுச் சோறு என்று எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். நான் ஏறின வண்டிகளில் ராகிக் களி உருண்டைதான் முன்னால் உட்காரும். பக்கத்தில் கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம். காப்புக் கட்டியாயிற்று, அதனால் கறியும் கருவாடும் கிடையாது. ஒரு ஊரில் ஒரு பாட்டி களிச்சட்டியோடு வண்டியை மறித்துவிட்டார். "அந்தப் பாழாப்போனவன் வாயில விழறதுக்கு முன்னாடி நீ ஒரு வாய் துன்னுட்டுப் போ சாமி" என்று அடம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டியாயிற்று; குனிய முடியாது. அவரே உருட்டி வாயில் போட்டார். அரிதாரத்தோடு சேர்ந்து இறங்கிய அந்தக் களியின் ருசியை இன்றைக்கும் சொல்லமுடியும்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன், பக்கத்தில் யாரும் கூத்துக்காரர் இருந்தால் வானொலியைக் கொஞ்சம் சின்னதாக வையுங்கள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். இது நம் மாவட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். பீமன் வேஷக்காரனுக்கு இது பெரிய வரம். நெல்லுச் சோறு என்றால் மென்று முடிக்கிற வரைக்கும் வசனம் நிற்கும். களி என்றால் ஒரு விழுங்கு, ஒரு வசனம். ஒரு விழுங்கு, ஒரு பாட்டு. மத்தளக்காரர் விழுங்குகிற நேரத்துக்குத் தீர்மானம் வைத்துவிடுவார். புதுசாக வேஷம் கட்டுகிற பையன்கள் ஆர்வத்தில் ஏழெட்டு உருண்டையை உள்ளே தள்ளிவிட்டு, சண்டைப் பாட்டுக்கு மூச்சு வராமல் நிற்பார்கள். "சின்னதா உருட்டு, பெருசா வாயைத் தொற" என்று எங்கள் வாத்தியார் சொல்வார்.

இப்போது எனக்கு உயிரான காட்சி. பீமன் பகனுடைய குகை வாசலில் வண்டியை நிறுத்துகிறான். பகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். கூப்பிட்டுவிட்டு, பகனுக்கு வந்த சோற்றைத் தானே உட்கார்ந்து தின்ன ஆரம்பிக்கிறான்! பகன் வருகிறான், பார்க்கிறான், கர்ஜிக்கிறான். பீமன் திரும்பவில்லை. பகன் இரண்டு கையாலும் முதுகில் குத்துகிறான். பீமன் தின்கிறான். பகன் மரத்தைப் பிடுங்குகிறான். பீமன் இன்னும் தின்கிறான். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாய் கொப்பளித்து, அதற்கப்புறம்தான் எழுந்திருக்கிறான். இது எங்கள் கற்பனை என்று நினைக்காதீர்கள். வியாச பாரதத்து ஆதிபருவத்திலேயே இப்படித்தான் இருக்கிறது.

மேடையில் இந்தக் காட்சியை நாங்கள் அரை மணிக்குக் குறையாமல் இழுப்போம். முன்வரிசைப் பிள்ளைகள் பாயை விட்டு எழுந்து, "அண்ணா, பின்னால வர்றான்! திரும்பு, திரும்பு!" என்று கத்துவார்கள். நான் திரும்பமாட்டேன். கட்டியக்காரன் ஓடிவந்து, "யோவ், முதுகுல யாரோ தட்டறாங்க" என்பான். நான், "விக்கல் எடுத்துச்சு, அதான் தட்டிக் குடுக்கிறாங்க" என்பேன். தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். மாஸ்டர் பெல்ச்சுக்குத் தேன் கொடுத்து அவன் கவனத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பீமன் கொடுக்கவில்லை, பிடுங்கித் தின்கிறான். பகனுடைய பலமெல்லாம் அந்த வண்டி தவறாமல் வருகிறதில் இருந்தது. நாள் தவறாமல் வந்த சோறு ஒரு நாள் கண் முன்னாலேயே இன்னொருவன் வாய்க்குள் போகிறது. அந்த நிமிஷமே அவன் பாதி செத்துவிட்டான். மிச்சத்தைப் பீமனுடைய முழங்கால் பார்த்துக்கொள்கிறது. முதுகில் முழங்காலை ஊன்றி இரண்டாக ஒடிக்கிறான்; கூத்தில் இது இரண்டு சுற்று ஆட்டம், ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

பகாசுரன் வேஷக்காரருடைய கஷ்டத்தையும் சொல்லவேண்டும். சாயங்காலமே முகம் எழுத உட்காருவார். பசி என்பார். "பொறு, வண்டி வருது" என்போம். ஒரு ஊரில் வண்டி வந்தது. ஆனால் காட்சி தொடங்குவதற்கு முன்பே அம்மன் பிரசாதம் என்று சனங்கள் சோற்றை வாங்கிக் காலி செய்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சினது நாலு உருண்டை, அதுவும் காட்சிக்கு. அவருக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு முதுகில் விழுந்த குத்து ஒவ்வொன்றும் அசல். நானும் அசலாகவே நெளிந்தேன். ஊரே கைதட்டியது. விடிந்ததும் அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்த பிறகுதான் என்னோடு பேசினார்.

சண்டை முடிந்ததும் பீமன் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, அதையும் விடக்கூடாது. பகனுடைய சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு, 'இனி மனுஷரைத் தொடக்கூடாது' என்று வாக்கு வாங்குகிறான். உடம்பை ஊர் வாசலில் போட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுகிறான். காலையில் சனங்கள் பார்த்துத் திகைக்கிறார்கள். யார் கொன்றது என்று தெரியாது. விளையாட்டில் எதிரி விழுந்தால் தங்கக்காசு கொட்டும், கொட்டு முழங்கும், ஆடினவன் பெயர் திரையில் வரும். பீமனுக்குப் பெயரும் இல்லை, காசும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. பிச்சைச் சோற்றில் பாதி தின்றும் அடங்காத பசி அன்றைக்கு ஒரு வேளையாவது அடங்கியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான். ஊரைக் காப்பாற்றப் போனவன் பசியோடு போனான், அந்தப் பசியே அவனுக்கு ஆயுதமாகிவிட்டது.

மணியைக் காட்டுகிறார்கள், முடிக்கிறேன். வேறு நாட்டுச் சாப்பாட்டு எதிரிகள் இன்னும் நாலைந்து பேரைப் பேரன் எழுதிக் கொடுத்திருந்தான், அவர்களுக்கு இன்றைக்கு இடமில்லை. பகாசுரன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு இலை மிஞ்சாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இன்றைக்குப் பொறியியல் படிக்கிறார்கள், கணினி வேலை பார்க்கிறார்கள். உங்களில் யாராவது பகாசுரனை வைத்து ஒரு விளையாட்டுச் செய்யுங்கள். முறை வைத்து அழுகிற வீட்டையும் புல் ஏந்திய பையனையும் வையுங்கள். வண்டியில் களி உருண்டை ஏற்றுங்கள். முதுகில் அடி விழ விழத் திரும்பாமல் தின்று முடிக்கிறவனுக்கே வெற்றி என்று விதி எழுதுங்கள். எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்தால், வருகிற பங்குனியில் பாரதம் வைக்கிற ஏதாவது ஓர் ஊருக்கு வந்து பாயில் உட்காருங்கள். வரும்போது பகாசுரன் வேஷக்காரருக்கும் சேர்த்து ஒரு சட்டிக் களி கொண்டுவாருங்கள்.