ஆசிரியர் நாற்காலியிலிருந்து பிரதமர் அலுவலகத்துக்கு

(பத்திரிகை ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஒவ்வொரு செய்தித்தாளிலும் அதன் ஆசிரியரின் பெயர் அச்சிடப்பட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டத்தின் விதியாக இருந்தது. அடக்குமுறைக்குப் பயன்பட்ட சட்டம்தான். எனினும், அச்சேறிய சொல்லுக்குப் பொறுப்பு யார் என்பது வாசகருக்கும் தெரிந்தது. பிரதமருக்கு உரை எழுதிக் கொடுப்பவருக்கு அத்தகைய விதி ஏதுமில்லை. எச்.ஒய். சாரதா பிரசாத் இவ்விரு பணிகளையும் செய்தவர்.

1924இல் பெங்களூரில் பிறந்த அவர், மைசூரில் மாணவராயிருந்தபோது ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். பின்னர் பம்பாயில் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஏட்டில் பணியாற்றினார். ஐந்தாண்டுத் திட்டங்களை மக்களுக்கு விளக்க 1957இல் தொடங்கப்பட்ட ‘யோஜனா’வுக்கு, குஷ்வந்த் சிங்குக்குப் பின் ஆசிரியரானார். (தமிழில் வெளிவரும் ‘திட்டம்’ இதன் பதிப்பே.) 1966இல் இந்திரா காந்தியின் அலுவலகத்துக்குச் சென்றார். பிரதமரின் உரைகளை வரைவதும் திருத்துவதும் அவரது பணியாயின.

1969இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. 1971இல் ‘வறுமையே வெளியேறு’ என்ற முழக்கம் எழுந்தது. நிலச்சீர்திருத்தமோ பெரும்பாலான மாநிலங்களில் ஏட்டளவிலேயே நின்றது. ‘யோஜனா’வில் விளக்கப்பட வேண்டியிருந்த திட்டமிடல், சமத்துவம் ஆகிய சொற்கள், ஆட்சியின் மேடையில் விளக்கம் தேவைப்படாத முழக்கங்களாயின.

1975 ஜூன் 25 இரவு தில்லியின் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. முன்தணிக்கை வந்தது. அவர் முன்பு பணியாற்றிய இந்தியன் எக்ஸ்பிரஸ், ஜூன் 28 அன்று தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டது. சாரதா பிரசாத் பிரதமர் அலுவலகத்திலேயே நீடித்தார். தணிக்கையை நடத்தியவர் அவரல்லர். அது செய்தித்துறை அமைச்சர் வித்யா சரண் சுக்லாவின் வேலை. சாரதா பிரசாத்தின் தனிப்பட்ட நேர்மையை எதிர்த்தரப்பினரும் மதித்தனர். நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டிருந்த மொரார்ஜி தேசாய், 1977இல் பிரதமரானபின் அவரையே சிறிது காலம் வைத்துக்கொண்டார். சிறையிலிட்டவருக்கும் சிறையிலிருந்தவருக்கும் ஒரே பேனா! நிர்வாகம் இதைத் திறமை என்னும். பத்திரிகையாளரை அளக்கும் கோல் அதுவன்று.

1980இல் இந்திரா திரும்பியதும் அவரும் திரும்பினார். ராஜீவ் காந்தியின் காலத்தில், 1988 வரை பணி தொடர்ந்தது. 2008இல் மறைந்தார்.

2003இல் வெளியான அவரது கட்டுரைத் தொகுப்பின் ஆங்கிலத் தலைப்புக்கு ‘நான் எழுதப்போவதில்லாத நூல்’ என்பது பொருள். அந்த ஆண்டுகளின் முழு வரலாற்றையும் அவர் தனி நூலாக எழுதவில்லை. அரசு ஊழியரின் நாகரிகம் என்று இது பாராட்டப்படுகிறது. ஆனால், 1942இல் சிறை கண்ட அந்தப் பத்திரிகை ஆசிரியரிடம் 1975இல் சிறை சென்றவர்கள் எதிர்பார்த்தது நாகரிகத்தை அல்ல, சாட்சியத்தை.