சுழல் வீதி

ஓடும் நீரில் ஒரு கழியை நட்டு வைத்தால், அதன் முன்புறத்தில் நீர் இரண்டாகப் பிரிந்து செல்வதைக் காண்கிறோம். பின்புறத்தில் நிகழ்வதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிரிந்த நீர் மறுபடியும் அமைதியாக ஒன்றுகூடிவிடும் என்றே எண்ணிவிடுகிறோம். சற்று உற்று நோக்கினால் வேறொரு காட்சி தென்படும். கழியின் வலப்புறத்திலிருந்து ஒரு சிறு சுழி புறப்பட்டு நீரோடு செல்லும். அது சென்றதும் இடப்புறத்திலிருந்து மற்றொன்று புறப்படும். முதற்சுழி எத்திசையில் சுழல்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் இரண்டாவது சுழலும். பின்னர் மீண்டும் வலம், மீண்டும் இடம். இவ்வாறு இரண்டு வரிசைகளாக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக மறு வரிசையின் சுழி அமையுமாறு, அவை அணிவகுத்துப் போகும். ஒரு வீதியின் இருமருங்கிலும் மாறி மாறி நட்ட விளக்குத் தூண்களைப் போல அவை தோன்றுவதால், விஞ்ஞானிகள் இதற்குச் 'சுழல் வீதி' என்று பெயரிட்டனர். ஹங்கேரி நாட்டில் பிறந்த தியோடர் வான் கார்மான் என்ற பேரறிஞரின் பெயரோடு சேர்த்து, 'கார்மான் சுழல் வீதி' என்று அது வழங்குகிறது.

இக்காட்சியை முதன்முதலிற் கண்டவர் கார்மான் அல்லர். லியனார்டோ டா வின்சி நீரின் சுழிப்புக்களை எத்தனையோ ஏடுகளில் வரைந்து வைத்தார். இத்தாலியின் பொலோனா நகரத்துக் கோயிலொன்றில், குழந்தை இயேசுவைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபரின் ஓவியம் உண்டு. அவர் பாதத்தின் பின்னே சுழிகள் மாறி மாறி எழுவதை ஓவியர் தீட்டியிருப்பதைக் கார்மானே எடுத்துக் காட்டியிருக்கிறார். பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பெனார் 1908ஆம் ஆண்டில் இச்சுழல்களை ஆராய்ந்து வெளியிட்டார். பிற்காலத்தில் இக்கண்டுபிடிப்பில் முந்தியவர் தாமே என்று அவர் வாதிட்டபோது, பாரிஸ் நகரில் மட்டும் அவ்வீதி பெனாரின் பெயரால் வழங்கட்டும் என்று கார்மான் வேடிக்கையாக விடை கூறினாராம்.

அங்ஙனமாயின் கார்மான் செய்ததுதான் யாது? அதை அறிய நாம் ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு, 1911ஆம் ஆண்டை ஒட்டிய காலத்துக்குச் செல்ல வேண்டும்.

அங்கே லுட்விக் பிராண்டில் என்பவர் பேராசிரியராக விளங்கினார். நீரோ காற்றோ ஒரு பொருளைத் தழுவிச் செல்லும்போது, அப்பொருளை ஒட்டிய மிக மெல்லிய ஒரு படலத்தில் மட்டும் வேகம் தடைப்படுகிறது என்ற அரிய கருத்தை 1904இல் உலகுக்கு அளித்தவர் அவர். அப்படலம் பொருளின் பின்புறத்தை நெருங்கும்போது, ஒட்டிச் செல்ல வலுவற்றுப் பிரிந்துவிடும். எந்த இடத்தில் பிரிகிறது என்று கண்டறியும் பணி ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தரப்பட்டது. அவர் ஒரு நீர்த்தடத்தை அமைத்து, நடுவில் ஓர் உருளையை நிறுத்தி, சுற்றிலும் உள்ள அழுத்தத்தை அளக்க முற்பட்டார். நீரோ நிலையாக ஓட மறுத்தது. உருளையின் பின்னே அது ஓயாமல் இருபுறமும் ஊசலாடியது.

பிராண்டிலிடம் முறையிட்டார். உருளை சரியான வட்டமாக இல்லை போலும் என்றார் பேராசிரியர். ஹீமென்ஸ் மிகுந்த பொறுமையோடு அதைக் கடைந்து செப்பனிட்டார். ஊசலாட்டம் நிற்கவில்லை. அப்படியானால் நீர்த்தடத்தின் இரு பக்கங்களும் ஒத்திருக்கவில்லை என்று கூறப்பட்டது. அதையும் திருத்தினார். அப்போதும் நீர் ஊசலாடிக்கொண்டே இருந்தது. அக்காலத்தில் அங்கே இளம் ஆசிரியராக இருந்த கார்மான், காலைதோறும் ஆய்வுக்கூடத்தினுள் நுழைகையில், ஓட்டம் நிலைபெற்றுவிட்டதா என்று ஹீமென்ஸை விசாரிப்பார். இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர் வருத்தத்தோடு கூறுவார்.

இந்த இடத்தில்தான் கார்மானின் சிந்தனை வேறு வழியிற் சென்றது. எத்தனை முறை திருத்தியும் ஒரு குற்றம் நீங்கவில்லையென்றால், அது கருவியின் குற்றமாக இருக்குமா? நீரின் இயல்பே அதுவாக இருக்கலாகாதா? இவ்வாறு எண்ணிய அவர் ஒரு வார இறுதியில் கணக்கிட்டுப் பார்த்தார். இரு வரிசைச் சுழல்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக அமைந்தால், சிறிதளவு கலக்கம் நேர்ந்தாலும் அவ்வமைப்புக் குலைந்துபோகும் என்று கண்டார். சுழல்கள் மாறி மாறி அமைந்தால் மட்டும், அதுவும் ஒரே ஓர் அளவில் மட்டும், அது நிலைக்கக்கூடும். இரு வரிசைகளுக்கும் இடையேயுள்ள அகலத்தை, ஒரே வரிசையில் அடுத்தடுத்த சுழல்களுக்கு இடையேயுள்ள தூரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.28 வரவேண்டும். 1911, 1912 ஆம் ஆண்டுகளில் அவர் இதை வெளியிட்டார். ஹீமென்ஸின் உருளை குற்றமற்றதே என்பது அப்போது விளங்கிற்று. குற்றமென்று நினைத்து நீக்க முயன்றது இயற்கையின் விதியாகவே இருந்தது.

சுழல்கள் ஏன் மாறி மாறிப் புறப்படுகின்றன? ஒரு பக்கத்துச் சுழல் வளர வளர, அது மறுபக்கத்துப் படலத்தைத் தன்பால் இழுக்கிறது. எதிர்த்திசையிற் சுழலும் அந்நீர் குறுக்கே வந்து புகுந்ததும், முதற்சுழலுக்கு ஊட்டம் அறுபடுகிறது. அது கழன்று போகிறது. மறுபக்கத்துச் சுழல் வளரத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுழல் கழலும்போதும் உருளைக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளல் கிடைக்கிறது. இம்முறை வலப்புறம், அடுத்த முறை இடப்புறம்.

இந்தத் தாளத்தின் வேகத்தைச் செக் நாட்டு விஞ்ஞானி வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் 1878ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்துவிட்டார். காற்றில் கம்பிகள் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, ஏறத்தாழ 0.2 ஆல் பெருக்கினால், அவ்வொலியின் அதிர்வெண் கிடைத்துவிடும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீதம் வீசுகிறது. கம்பியின் விட்டம் 4 மில்லிமீட்டர். அப்படியானால் வினாடிக்கு 250 அதிர்வுகள் எழும். நம் செவிக்கு நன்கு கேட்கும் சுருதி அது. காற்று வலுத்தால் சுருதி உயரும். கம்பி தடித்தால் சுருதி தாழும்.

கம்பியில் இசையாக இருப்பது புகைபோக்கியில் அபாயமாகிவிடும். 4 மீட்டர் விட்டமுள்ள எஃகுப் புகைபோக்கியின் மேல் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், இரண்டு வினாடிக்கு ஒருமுறை அது இருபுறமும் தள்ளப்படும். உயர்ந்த எஃகுப் புகைபோக்கிகளின் இயல்பான ஆட்டமும் பலவேளை இதை ஒட்டியே அமைந்துவிடுகிறது. ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளினால், சிறு குழந்தையின் கையும் பெரியவர் ஒருவரை உயர ஆட்டிவிடும் அன்றோ? அதே கதைதான். இதைத் தடுக்க, 1950களில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்க்ரூட்டனும் வால்ஷும் எளிய வழியொன்று கண்டனர். புகைபோக்கியின் மேற்பகுதியில் திருகுபோல் சுற்றிச் செல்லும் தகட்டு விளிம்புகளைப் பொருத்தினர். ஒவ்வோர் உயரத்திலும் காற்று வெவ்வேறு இடத்திற் பிரிவதால், சுழல்கள் ஒருமித்துக் கழல முடிவதில்லை. உயர் அழுத்த மின்கம்பிகளில், தாங்கிகளுக்கு அருகே இரு முனைகளிலும் குண்டு வைத்த சிறு கருவி தொங்குவதை நம் நாட்டிலும் காணலாம். 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் உருவாக்கியது அது. சுழல்களால் எழும் நடுக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டு, கம்பி அறுந்து போகாமல் அது காக்கிறது.

பகையை நட்பாக்கிக்கொண்டதும் உண்டு. குழாயின் நடுவே ஒரு சிறு தடையை வைத்து, ஒரு வினாடியில் எத்தனை சுழல்கள் கழல்கின்றன என்று எண்ணினால், உள்ளே ஓடும் நீர் அல்லது நீராவியின் வேகம் தெரிந்துவிடும். ஆலைகளில் இத்தகைய அளவுமானிகள் பயன்படுகின்றன. வானத்திலும் இவ்விதியே ஆட்சி செய்கிறது. கடல் நடுவே உயர்ந்து நிற்கும் மலைத்தீவுகளின் பின்னே, மேகங்கள் பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சுழல் வீதி இடுகின்றன. சிலி நாட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் செல்கர்க் தீவின் பின்னே அமைந்த அத்தகைய வீதியை, லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1999இல் படம் பிடித்தது.

நேயர்களே, ஒரு விதி இவ்வளவு அழகாக அமைந்துவிட்டால், கண்டவற்றிற்கெல்லாம் அதையே காரணமாகச் சொல்லும் ஆசையும் எழுந்துவிடும். அதற்கு ஒரு சான்று கூறுகிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டக்கோமா என்ற இடத்தில், 1940 ஜூலை 1 அன்று ஒரு தொங்கு பாலம் திறக்கப்பட்டது. நடுப்பகுதியின் நீளம் 2,800 அடி. அகலமோ 39 அடிதான். பக்கங்களில் 8 அடி உயரமுள்ள இடைவெளியற்ற எஃகுத் தகடுகள். தொடக்கத்திலிருந்தே அது காற்றில் மேலும் கீழும் அலைந்தது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று மணிக்கு 42 மைல் வேகத்தில் காற்று வீசியபோது, பாலம் முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கி, முற்பகலில் அறுந்து வீழ்ந்தது. மனிதர் எவரும் மடியவில்லை. பாலத்தின் மேல் நின்றுபோன காரொன்றில் இருந்த நாய் மட்டும் உயிரிழந்தது. அதை மீட்கச் சென்ற பேராசிரியர் ஃபார்க்வார்சன் இயலாமல் திரும்பினார். அவ்வீழ்ச்சியைப் படமாக்கிய திரைச்சுருள் இன்றும் வகுப்பறைகளிற் காட்டப்படுகிறது.

சுழல்களின் தாளமும் பாலத்தின் தாளமும் ஒத்துப்போனதே காரணம் என்று பல பாடநூல்கள் எழுதின. கணக்கிட்டுப் பார்ப்போம். அந்தத் தட்டையான வடிவத்துக்கு 0.2க்குப் பதில் 0.11 என்ற எண்ணைக் கொள்ள வேண்டும். அன்றைய காற்றில் சுழல்கள் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் கழன்றிருக்கும். பாலமோ ஐந்து வினாடிக்கு ஒருமுறைதான் முறுக்கி ஆடியது. இவ்விரண்டு தாளங்களும் ஒத்துப்போகவில்லை. முதற்சில மாதங்களின் மேல்கீழ் ஆட்டத்திற் சுழல்களுக்குப் பங்கு இருந்திருக்கலாம். இறுதி முறுக்கலின் காரணம் வேறு. பிடில் வாசிப்பவர் வில்லை ஒரே சீராகத்தான் இழுக்கிறார். தந்தி தன் அசைவினாலேயே அவ்வில்லிடமிருந்து ஆற்றலைப் பெற்று அதிர்கிறது. அதுபோல, பாலம் சற்றே முறுக்கியதும் காற்று அதைத் தள்ளும் விதம் மாறியது. அந்த மாற்றம் முறுக்கலை மேலும் வளர்த்தது. விபத்தை விசாரித்த மூவர் குழுவில் கார்மானும் ஒருவர். சுழல்களோடு ஒத்ததிர்வதற்கு இதிற் பெரும்பங்கு இருப்பது மிகவும் அரிது என்று அக்குழு 1941இலேயே எழுதிவிட்டது. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1991இல், பில்லா, ஸ்கான்லன் என்ற இருவர் பாடநூல்களின் கூற்றை எடுத்துக்காட்டி மறுக்க வேண்டியிருந்தது.

இது வெறும் சொற்போர் அன்று. காரணத்தைப் பிழைபட அறிந்தால் பரிகாரமும் பிழைபடும். சுழலின் தாளமே பகைவன் என்றால், பாலத்தின் தாளத்தை மாற்றினாற் போதும் என்று எண்ணிவிடுவோம். உண்மையில் வேண்டியது பாலத்தின் வடிவை மாற்றுவதும், முறுக்கலைத் தாங்கும் வலுவைக் கூட்டுவதும் ஆகும். 1950இல் அதே இடத்தில் எழுந்த புதிய பாலம், காற்று ஊடுருவிச் செல்லும் திறந்த எஃகுச் சட்டங்களோடும் அதிக அகலத்தோடும் அமைந்தது. பெரிய தொங்கு பாலங்களின் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த பின்பே கட்டுவது என்ற வழக்கமும் அவ்விபத்துக்குப் பின்னர் வேரூன்றிற்று.

கெட்டிங்கனில், கருவியின் மேல் பழி போட்டபோது விதி மறைந்திருந்தது. டக்கோமாவில், விதியின் மேல் பழி போட்டபோது உண்மைக் காரணம் மறைந்தது. இரண்டு இடங்களிலும் திரையை விலக்கியது கணக்கேயாகும்.

ஆசிரியப் பெருமக்கள் இதை மாணாக்கரைக்கொண்டே செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் ஊற்றி, மேலே நுண்ணிய மரத்தூளைத் தூவட்டும். 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, வினாடிக்கு 4 சென்டிமீட்டர் வீதம் நேராக இழுத்துச் செல்லட்டும். விதியின்படி, ஒவ்வொரு பக்கத்திலும் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சுழல் பிறக்க வேண்டும். பிறக்கிறதா என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக்கை மாறுபட்டால் ஏன் என்று கேட்கட்டும். கை நடுங்கியதா, தட்டு குறுகலா, நீர் முன்னரே கலங்கியிருந்ததா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கட்டும். அத்தனையும் விலக்கிய பின்பும் மாறுபாடு எஞ்சி நின்றால், அதை அழித்துவிடாமல் ஏட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.