சிறுநீர்த் தடையும் புற்றுநோய் ஐயமும்



முதுமையில் ஆடவர் பலர் இரவில் நான்கைந்து முறை எழுகின்றனர். சிறுநீர் தடைப்பட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்குகின்றது. மூப்பின் இயல்பு என்று சிலர் வாளாவிருக்கின்றனர். புற்றுநோயோ என்று சிலர் நடுங்குகின்றனர். இரண்டும் வேண்டா.

சிறுநீர்ப்பையின் கழுத்தடியில், சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. சாதாரண வீக்கம் குழாயை ஒட்டி வளர்வதால் நீரைத் தடுக்கின்றது. புற்றுநோயோ பெரும்பாலும் பின்புற ஓரத்தில் தோன்றி, நெடுநாள் அறிகுறியின்றி ஒளிந்திருக்கும். ஆகவே தொல்லையை மட்டும் கொண்டு நோயைக் கணித்தல் இயலாது.

மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டறிவார். வழவழப்பாக, ரப்பர் போன்றிருப்பின் பெரும்பாலும் சாதாரண வீக்கம். கடினமான முடிச்சு தட்டுப்படின் ஐயத்திற்குரியது. இதில் நாணத்திற்கு இடமில்லை.

அடுத்தது பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலம் கொள்ளப்பட்ட எல்லை. எனினும் சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் இவ்வளவு உயரும். புற்றுநோய் இருந்தும் உயராதிருத்தல் உண்டு. தேவைப்படின் எம்.ஆர்.ஐ. படம் ஐயமான இடத்தைக் காட்டும். முடிவுரைப்பது, ஊசியால் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் காணும் சோதனையே.

மாணவர்களே! வீட்டுப் பெரியவர் இத்தொல்லையை வாய்விட்டுக் கூறமாட்டார். நீங்களே கேளுங்கள், உடன் அழைத்துச் செல்லுங்கள், சோதனைத் தாளை வாசித்து, அதன் பொருளை மருத்துவரிடம் வினவி, அவருக்கு விளக்குங்கள். கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் வீட்டுத் திண்ணையே.