மஃரிபுக்குப் பின்னுள்ள நேரம்





1996 ஆம் ஆண்டு நம் நாட்டில் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மே மாதத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. பகல் வெளிச்சத்திலேயே மக்கள் அலுவல்களை முடித்தால் விளக்கெரிப்பது குறையும் என்பது எண்ணம். ஒக்டோபரில் அதில் அரை மணி குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் முழுமையாகத் திரும்பிற்று. நமது தொழுகை அட்டவணையில் இலக்கங்கள் மாறின, சூரியன் மாறவில்லை. நமது பழக்கங்களும் மாறவில்லை என்பதே வருத்தம்.

நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தை அடைவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அதாவது மஃரிபும் இஷாவும் அடங்கிய நேரம். அதை ஈடுசெய்ய, விலை கூடிய எண்ணெயை எரிக்கும் நிலையங்களும் இயக்கப்படுகின்றன. அந்நேரத்தில்தான் நம் வீடுகளில் மறுநாள் சீருடைக்காக மின்னழுத்தி சூடேறுகிறது. தாங்கியை நிரப்ப மோட்டார் ஓடுகிறது. கைத்தொலைபேசியை மின்னேற்றியில் மறந்துவிட்ட பிள்ளையை வாப்பா கண்டிக்கிறார். கண்டிப்பு சரி, இடம்தான் தவறு! 1000 வோட் மின்னழுத்தி ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறுவதற்கான மின்சாரத்தில் 9 வோட் மின்குமிழை நூறு மணி நேரத்துக்கும் மேலாக எரிக்கலாம். வாரத்துக்குரிய சீருடைகளை விடுமுறை நாளின் பகலில் ஒன்றாக அழுத்திவைத்தால் என்ன? மோட்டாரை ஸுபஹுக்குப் பின் போட்டால் என்ன?

"பில் கட்டுவது நான்தானே" என்போர் உளர். ரூபாய் உங்களுடையதுதான், எண்ணெய் டொலர் கொடுத்து வாங்கப்படுவது. அந்த டொலர் இல்லாமற்போன 2022 மார்ச் இறுதியில், ரமழான் பிறக்கச் சில தினங்களே இருக்கையில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. வினாயகபுரத்திலும் கல்முனையிலும் பில் கட்டியவர் வீடும் இருண்டது. கட்ட வழியற்றவர் வீடும் இருண்டது.

உறங்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் காண்கிறோம். எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்பதே அங்கு கூறப்படும் காரணம், சிக்கனம் அல்ல. இதை மறைத்துப் பேசுவது முறையன்று. வீண்விரயத்துக்கான எச்சரிக்கை, விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் தனியாகவே வந்திருக்கிறது.

பள்ளிவாசலின் பில்லைத் தனியொருவர் கட்டுவதில்லை; ஆகவே அங்கு குழாயை மூடும் கையும் குறைவு. நபியவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் வுழூச் செய்ததாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வரும் அளவு அது. இளைஞர்களே, நாளை ஸுபஹுக்கு வுழூச் செய்கையில் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். கால் கழுவி முடிகையில் அதில் எத்தனை முத்து நிற்கிறதென்று உங்கள் வாப்பாவுக்கும் காட்டுங்கள்.