மருத்துவக் கஞ்சாவும் பதிவுபெற்ற பராமரிப்பாளரும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கஞ்சாவைப் பற்றிப் பேச்சா என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்த சிலர் முகம் சுளித்ததாக அறிந்தோம். சுளிப்பதில் தவறில்லை. ஆனால் இந்தத் தலைப்பை நாங்களாகத் தேடி எடுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் புத்தகப் பையோடு தென்மராட்சிக்கு நடந்த எங்கள் வகுப்பு, இன்று பல நாடுகளில் சிதறி இருக்கிறது. நாற்பதைத் தாண்டிவிட்ட எங்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே வேலைதான்: ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் அம்மா, அப்பா, மாமா, மாமி. அமெரிக்காவில் இருப்பவர்கள் இரவில் தொலைபேசி எடுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. குரலைத் தாழ்த்தாமல் ஒருமுறை பேசிவிட்டால் நல்லது என்றுதான் இங்கே நிற்கிறோம்.

கேள்வி இதுதான். "மாமிக்கு டொக்டர் கஞ்சாவுக்குச் சான்றிதழ் குடுத்திருக்கிறார். பராமரிப்பாளர் எண்டு ஆரின்ரையோ பேர் பதியவேணுமாம். நான் கையெழுத்து வைக்கலாமோ?"

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் முதன்முதலாக 1996 இல் கலிபோர்னியா மாநிலம் மருத்துவக் கஞ்சாவை வாக்கெடுப்பால் அனுமதித்தது. இன்று 35 இற்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது உண்டு. நாங்கள் முதியோர் மருத்துவம் செய்யும் மிச்சிகனில் 2008 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். புற்றுநோய், கடும் குமட்டல், நாட்பட்ட கடும் வலி, வலிப்பு, தசை இறுக்கம் போன்ற நோய்நிலைகள் பட்டியலில் உள்ளன. வைத்தியர் எழுத்தில் சான்றளிக்க, நோயாளி மாநிலத்தில் பதிந்து அட்டை பெறுகிறார். தானே வாங்கவோ வளர்க்கவோ முடியாத நோயாளி, தன் விண்ணப்பத்தில் ஒருவரைப் பராமரிப்பாளராக நியமிக்கலாம். அவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் பாரிய குற்றத்தீர்ப்பு எதுவும் இருக்கக்கூடாது. போதைப்பொருள் அல்லது தாக்குதல் தொடர்பான பாரிய குற்றமென்றால் ஆயுளில் ஒருமுறையும் இருக்கக்கூடாது. ஒரு நோயாளிக்கு ஒரு பராமரிப்பாளர். ஒரு பராமரிப்பாளருக்கு அதிகபட்சம் 5 நோயாளிகள். ஒரு நோயாளிக்கென 12 செடிகள், அதுவும் பூட்டிய இடத்துக்குள். உலர்ந்த சரக்கு இரண்டரை அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம்.

2018 இல் இன்னொரு வாக்கெடுப்பு வந்து, 21 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம் என்றாகிவிட்டது. பிறகு ஏன் இந்த அட்டை என்று கேட்பீர்கள். அட்டை இருந்தால் 10 வீதத் தீர்வை இல்லை. வலிப்பு நோயுள்ள சிறுபிள்ளைக்கு அட்டையைத் தவிர வேறு வழியில்லை. அங்கே இரண்டு வைத்தியர்கள் சான்றளித்து, பெற்றாரே பராமரிப்பாளராக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவருக்காக வைத்திருக்கிறேன், வளர்க்கிறேன் என்று சொல்ல மாநிலச் சட்டத்தில் ஒரு காகிதம் கிடைக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூ ஜேர்சியில் வீட்டில் செடி வளர்க்க இடமில்லை. நோயாளியின் நெருங்கிய குடும்பத்தவர் அல்லாத பராமரிப்பாளர் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். ஆகவே ரெக்சாஸில் இருக்கும் தங்கை மிச்சிகனில் இருக்கும் அக்காவைக் கேட்டு நடக்கக்கூடாது.

இனித்தான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்திய விடயம். மாநிலம் அனுமதித்தாலும், 1970 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கஞ்சாவை ஹெரோயினோடு சேர்த்து முதலாம் அட்டவணையில் வைத்தது. அதை மூன்றாம் அட்டவணைக்கு இறக்க 2024 இல் நீதித் திணைக்களம் முன்மொழிந்தது. எந்த அட்டவணையில் இருந்தாலும், மாநிலத்தின் பராமரிப்பாளர் அட்டை கூட்டாட்சிச் சட்டத்தின் முன் அனுமதிப்பத்திரம் ஆகாது. குடிவரவும் குடியுரிமையும் கூட்டாட்சியின் கையில். குடியுரிமை கோருபவர் நன்னடத்தை உடையவரா என்று பார்க்கும்போது, மாநிலச் சட்டப்படி நடந்திருந்தாலும் கஞ்சாத் தொடர்பான செயல் அவருக்கு எதிராகக் கொள்ளப்படலாம் என்று குடிவரவுத் திணைக்களம் 2019 ஏப்ரலில் எழுத்தில் அறிவித்தது. நீதிமன்றத் தண்டனை இருக்கவேண்டும் என்றில்லை. வாயால் ஒப்புக்கொண்டாலே போதும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு முடிச்சு உண்டு. தன் சொந்தப் பாவனைக்காக 30 கிராமுக்கு மேற்படாமல் வைத்திருந்த ஒரேயொரு சம்பவத்துக்குக் குடிவரவுச் சட்டத்தில் சிறு விலக்கு இருக்கிறது. பராமரிப்பாளர் தனக்காக வைத்திருப்பவர் அல்லரே! அவர் இன்னொருவருக்காக வாங்குகிறார், வளர்க்கிறார், கொடுக்கிறார். கூட்டாட்சியின் மொழியில் அவை உற்பத்தி, விநியோகம் என்ற பெயரைப் பெறும். நோயாளியை விடப் பராமரிப்பாளருக்கே ஆபத்து அதிகம் என்பது இதனால்தான்.

எங்கள் குடும்பங்களில் யார் கையெழுத்து வைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் வீட்டில் நிற்பவர். மருந்து எடுத்துக் கொடுப்பவர். பெரும்பாலும் மருமகள், அல்லது அண்மையில் ஊரிலிருந்து வந்த தங்கை. அதாவது வீட்டிலேயே குடியுரிமை மிகப் பலவீனமாக உள்ளவர். குடியுரிமை பெற்ற மகனோ, அங்கேயே பிறந்து 22 வயதான பேரனோ "வேலை இருக்கு, படிப்பு இருக்கு" என்று விலகிவிடுவார்கள். இந்த விலகலை நாங்கள் பல வீடுகளில் பார்த்துவிட்டோம். பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததை, அவளின் சம்மதத்தோடு சொல்கிறோம். மாமியாருக்குப் புற்றுநோய். மருந்தேற்றும் நாட்களில் கஞ்சித் தண்ணீரும் தங்கவில்லை. குமட்டலுக்கான வழமையான மருந்துகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தபின் வைத்தியர் கஞ்சாவுக்குச் சான்றளித்தார். ஊரில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்த அந்த அம்மா, "கஞ்சாவோ பிள்ளை? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மருந்தேற்றலுக்குப் பிறகு, "சரி, கொண்டு வா" என்றார். தோழி படிவத்தை நிரப்பிவிட்டாள். அவளுக்குக் குடியுரிமை நேர்முகம் வர நான்கு மாதம் இருந்தது. கையெழுத்து வைக்கும் முன் எங்களை அழைத்தாள்.

"நான்தானே முழுநாளும் மாமியோட நிக்கிறன். வேற ஆர் வைக்கிறது?" என்றாள். வேண்டாம், முதலில் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேள் என்றோம். கேட்டாள். சட்டத்தரணியும் படிவத்தைத் தொடவேண்டாம் என்றார். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் பெரிய வாக்குவாதம். முடிவில் குடியுரிமையுள்ள கணவர் பெயரைப் பதிந்தார். பெட்டியின் திறப்பு அவரிடம். கடைக்குப் போவதும் அவர், இரவு மருந்தை எடுத்துக் கொடுப்பதும் அவர். பதிவுபெற்ற நோயாளி என்றபடியால் பகல் மருந்தை மாமி தன் கையாலேயே எடுத்துக்கொண்டார். தோழி கஞ்சி காய்ச்சினாள், தலையைத் தடவினாள், அவ்வளவுதான். குடியுரிமை விண்ணப்பத்தில் போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு அவளால் பொய் இல்லாமல் "இல்லை" என்று பதில் சொல்ல முடிந்தது. மாமி அடுத்த தைப்பொங்கலைக் காணவில்லை. ஆனால் கடைசி மாதங்களில் சோறும் சொதியும் கேட்டுச் சாப்பிட்டார்.

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. எம்மவரில் தாதியர், மருந்தாளர், வைத்தியர் பலர். மாநில அட்டை தனியார் வேலைத்தளத்தில் உங்களைக் காக்கும் என்று எண்ணவேண்டாம். வைத்தியரான பிள்ளை தன் சொந்தத் தாய்க்குச் சான்றளிப்பதையும் நாங்கள் ஏற்பதில்லை. வேறு வைத்தியர் பார்க்கட்டும்.

அடுத்தது மருந்து. மற்ற மருந்துகளுக்கு நாங்கள் அளவு எழுதுகிறோம், மருந்தாளர் சரிபார்த்துக் கொடுக்கிறார். கஞ்சாவுக்கு அப்படி இல்லை. கூட்டாட்சிச் சட்டத்தினால் அமெரிக்க வைத்தியர் அதற்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது. இந்த நோய் இருக்கிறது, பயன் கிடைக்கக்கூடும் என்று சான்றுதான் எழுதலாம். எவ்வளவு, எத்தனை தரம் என்ற தீர்மானம் பெரும்பாலும் பராமரிப்பாளரின் தலையில் விழுகிறது. அட்டை வாங்கும்போது இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

பயன் எங்கே உண்டு? அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2017 இல் வெளியிட்ட அறிக்கை மூன்று இடங்களில் வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது: வளர்ந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தேற்றத்தால் வரும் குமட்டல், மல்ரிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோயாளர் உணரும் தசை இறுக்கம். அரிதான சில வலிப்பு நோய்களுக்கு, கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த கனபிடியோல் 2018 இல் முறையான மருந்தாகவே அனுமதி பெற்றது. புற்றுநோயையே கரைத்துவிடும் என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்பி மருந்தேற்றத்தை நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து அதை மற்றவர்க்கு அனுப்பாதீர்கள்.

முதியவருக்கு எங்கள் வழி, மிகக் குறைந்த அளவில் தொடங்குவது. மயக்கம் தரும் ரிஎச்சி என்ற கூறு இரண்டரை மில்லிகிராம் அல்லது அதிலும் குறைவு. வாயால் உட்கொண்டால் வேலைசெய்ய ஒன்று, இரண்டு மணித்தியாலம் ஆகும். ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொன்றைக் கொடுத்துவிட்டு நள்ளிரவில் அவசர சிகிச்சைக்கு ஓடிவருவதுதான் நாங்கள் அதிகம் காணும் விபத்து. தலைசுற்றும், இரத்த அழுத்தம் இறங்கும், விழுந்து இடுப்பு முறியும். வோர்பரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து, தூக்க மாத்திரை, மோர்பின் எடுப்பவரானால் வைத்தியரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. வெட்கத்தால் மறைப்பவர்கள் எங்களவரில் அதிகம். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, நேரம், அளவு, விளைவு எழுதி வையுங்கள். இந்தப் பாடசாலையில் ஆய்வுகூடக் குறிப்பு எழுதிய எவருக்கும் அது கடினமாக இராது.

கஞ்சா சேர்த்த இனிப்புகள் குளிர்சாதனப் பெட்டியில் தொதல் துண்டு போலவே இருக்கும். பேரப்பிள்ளைக்குத் தெரியாது. பூட்டு வேண்டும், உண்மையான பூட்டு. நோயாளி இறந்ததும் அட்டையின் காரணமும் முடிந்துவிடும். எட்டுச் செலவு வரை மிச்சத்தை அலுமாரியில் வைத்திருக்கவேண்டாம்.

டிட்ரொயிற்றிலிருந்து பாலம் கடந்தால் கனடா. அங்கே 2018 ஒக்ரோபர் 17 இலிருந்து கூட்டாட்சிச் சட்டமே அனுமதிப்பதால் ரொறன்ரோச் சகோதரிகளுக்கு நாங்கள் சொன்ன குடியுரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் இரு பக்கமும் அனுமதி இருந்தாலும், எல்லையைக் கடந்து எடுத்துச் செல்வது இரு திசையிலும் குற்றம். நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிவருபவர்கள் அந்த எண்ணெய்ப் போத்தலைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுவரவே வேண்டாம். இலங்கையில் பராமரிப்பாளர் பதிவு என்று ஒன்று இல்லை. வெளிநாட்டு அட்டை இங்கே வெறும் பிளாஸ்ரிக். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் போய், மாற்று மருந்து கேளுங்கள்.

மிச்சிகன் படிவத்தின் மாதிரியை அச்செடுத்து வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துக் கோட்டுக்கு அருகே சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறோம். தேநீர் இடைவேளையில் அங்கே இருப்போம். தனியாகக் கேட்க விரும்புபவர்கள் வாருங்கள்.